சி என்பது ஊரா, ஆளா?

பொருள்களை ஆள்வதற்கு மனிதன் கண்ட முதற் கருவி பெயரே எனலாம். பெயர் இட்ட பின்னரே ஒன்றைத் தேட முடிகிறது. பிறரிடம் கேட்க முடிகிறது. கொடுக்கவும் வாங்கவும் முடிகிறது. ஆயினும் நாம் வழங்கும் பெயர் அப்பொருளைக் குறிக்கின்றதா, அன்றி அப்பொருள் தங்கியிருக்கும் இடத்தைக் குறிக்கின்றதா என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமையால் வரும் இழப்போ சிறிதன்று.

கொலன்னாவையிலிருந்து மாணவர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அவருடைய கணினியைத் திறந்தால் சி என்றும் டி என்றும் இரண்டு இடங்கள் தெரிகின்றனவாம். ஏ, பி என்னும் முதலிரண்டு எழுத்துகளும் எங்கே போயின? நேற்று ஈ என்று தெரிந்த பென் டிரைவ் இன்று எஃப் என்று தெரிவதேன்? இவையே அவர் கேட்பவை. இவற்றுக்கு விடை கூறப் புகுந்தால் ஓர் அரை நூற்றாண்டு வரலாற்றையும், நம் இலக்கண ஆசிரியர் காட்டிய ஒரு நுட்பத்தையும், நம் வீட்டு ஆவணங்களைக் காக்கும் வழியையும் ஒருங்கே கூறவேண்டியதாகிறது.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். தட்டுகளுக்கு எழுத்தால் பெயரிடும் வழக்கம் 1960களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தார் பெருங்கணினிகளுக்கென ஆக்கிய சி.பி./சி.எம்.எஸ். என்னும் பணிசெயல் முறைமையில் காணப்பட்டது. ஒரு பெரிய தட்டைப் பலருக்குச் சிறு தட்டுகளாகப் பங்கிட்டு, ஒருவர் தம் பங்கினை ஓரெழுத்தால் அழைக்குமாறு அதில் வகை செய்திருந்தனர். அமெரிக்காவில் கேரி கில்டால் என்பார் 1974 இல் சிறு கணினிகளுக்காகச் சி.பி./எம். என்னும் முறைமையை எழுதியபோது இவ்வெழுத்து வழக்கைக் கையாண்டார். அதனை அடியொற்றி டிம் பற்றர்சன் எழுதிய முறைமையை மைக்ரோசொப்ட் நிறுவனம் விலைக்கு வாங்கித் திருத்தியது. 1981 ஆகஸ்ட் 12 இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது அம்முறைமையே அதனுள் புகுந்தது.

அக்கணினியில் வன்தட்டு இல்லை. நெகிழ்வட்டைச் செருகும் வாய்கள் இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். முதல்வாய் ஏ, இரண்டாம் வாய் பி. பத்து மெகாபைற்று கொள்ளும் வன்தட்டோடு எக்ஸ்.ரி. என்னும் அடுத்த கணினி 1983 மார்ச்சில் வந்தது. ஏ, பி இரண்டும் நெகிழ்வட்டுக்கு உரியனவாகிவிட்டமையால் வன்தட்டுக்கு மூன்றாம் எழுத்தாகிய சி வாய்த்தது. இன்று நெகிழ்வட்டைக் கண்ணால் கண்டறியாத மாணவர் பலர். ஆயினும் அவ்விரண்டு இருக்கைகளும் அவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டு வெறுமையாய்க் கிடக்கின்றன. விரும்புவோர் தம் கையால் வழங்கினாலன்றி முறைமை தானாக அவற்றை வேறொன்றுக்கு எளிதில் அளிப்பதில்லை.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் காட்டியதை மாணவர் அறிவர். சி என்பது பிறந்தபோது காரணப் பெயராகவே பிறந்தது. இரண்டுக்குப் பின் மூன்றாவது என்பது அதன் காரணம். காரணம் மறைந்தது, பெயர் நின்றது. கொழும்பில் கிறீன் பாத் என்று வழங்கிய சாலைக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர் சூட்டிய பின்னரும் முதியோர் நாவில் பழைய பெயர் தங்கியிருப்பதைக் காண்கிறோம். வழக்கம் என்பது அத்துணை வலிது.

ஏ, பி என்பவை பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. வாய் ஒன்றே உடைய கணினியிலும் ஏ, பி என்னும் இரண்டு பெயர்களும் செல்லும். ஏ தட்டிலிருந்து பி தட்டுக்குப் படியெடு என்று ஆணையிட்டால், கணினி சற்று நின்று, பி தட்டைச் செருகுமாறு வேண்டும். உள்ளதை எடுத்து மற்றதைச் செருகினால் வேலை தொடரும். வாய் ஒன்று; பெயர் இரண்டு; தட்டும் இரண்டு. எழுத்து என்பது பொருளன்று, பொருள் வந்து அமரும் இருக்கை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, சி என்றும் டி என்றும் தெரிவன இரண்டு வன்தட்டுகளாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. கொழும்பில் ஒரு காணியைப் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது நாற்பத்தைந்தாம் இலக்க வீடு 45/1, 45/2 என்று பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். மதிலும் கூரையும் பழையனவே. வாசலும் இலக்கமும் குடும்பமும் வெவ்வேறு. அவ்வாறே ஒரே தட்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படலாம். கணினி நூலார் வொலியூம் என்பது இத்தகைய பகுதியையே. ஒவ்வொரு பகுதியும் தனக்கெனக் கோப்புப் பதிவேடு உடையது. எனவே கணினியின் கண்ணுக்கு அது தனி வீடு. இதனை அறியாதார், டி பகுதியில் ஒரு படி வைத்துவிட்டோம், இனிச் சி பழுதானாலும் அஞ்சுவதற்கில்லை என்று எண்ணுகின்றனர். இரண்டும் ஒரே தட்டில் இருந்து, தட்டே பழுதானால், இரண்டு வீடும் ஒருங்கே வீழும்.

இப்போது வினாவின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். விண்டோஸ் முறைமையில் புதிதாக ஒரு தட்டை இணைத்தால் காலியாக உள்ள எழுத்துகளில் ஒன்று அதற்கு வழங்கப்படுகிறது. இன்ன பகுதிக்கு இன்ன எழுத்து என்று அக்கணினி தன் பதிவேட்டில் குறித்தும் வைத்துக்கொள்கிறது. மறுநாள் அதே தட்டு வந்தால் அதே எழுத்தைக் கொடுக்க முயலும். ஆனால் அதற்குள் வேறொரு பென் டிரைவ் வந்து அவ்விருக்கையில் அமர்ந்துவிட்டால், பின்வந்தது அடுத்த இருக்கைக்குச் செல்லவேண்டியதே. மேலும், அக்குறிப்பு கணினியில் உள்ளதேயன்றித் தட்டில் உள்ளதன்று. எனவே அயல் வீட்டுக் கணினியில் அதே தட்டு வேறோர் எழுத்தைப் பெறலாம். நம் மாணவரின் ஈ எஃப் ஆனதன் காரணம் இஃதே.

இதனை நம் இலக்கணத்தில் வைத்து நோக்கினால் உண்மை இன்னும் துலங்கும். ஊர் சிரித்தது என்கிறோம். சிரித்தது ஊரன்று, ஊரில் உள்ள மக்கள். இடத்தின் பெயர் இடத்தில் உள்ளார்க்கு ஆகி வந்தமையால் இஃது இடவாகுபெயர். ஈயில் உள்ளதை அழித்துவிடு என்று ஒருவர் கூறும்போது, ஈ என்பதும் அத்தகைய இடவாகுபெயரே. ஈ ஓர் இருக்கையின் பெயர். அழியப்போவதோ அதில் அந்நேரம் அமர்ந்திருப்பது. பேச்சில் ஆகுபெயர் அழகு தரும். கேட்பவர் மனிதராயின் குறிப்பறிந்து பொருள் கொள்வார். கணினிக்குக் குறிப்பறியும் தன்மை இல்லை. அது சொல்லை மட்டும் பார்க்கும். சொன்னவர் நெஞ்சைப் பாராது.

கொலன்னாவை என்றதும் நினைவுக்கு வருவன எண்ணெய்த் தாங்கிகள். துறைமுகத்தில் இறங்கும் எண்ணெய் குழாய்கள் வழியே வந்து அங்கே சேர்கின்றது. அங்குள்ள குழாய்வாய் ஒன்றுக்கு ஈ என்று பெயர் எனக் கற்பனை செய்வோம். இன்று அது மண்ணெண்ணெய்த் தாங்கியோடு பொருத்தப்பட்டுள்ளது. நாளை பெற்றோல் தாங்கியோடு பொருத்தப்படலாம். குழாய்வாயின் பெயரை மட்டும் நம்பி விளக்குக்கு எண்ணெய் வாங்கச் செல்பவன் கதி என்னாகும்? தாங்கியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவனே பிழைப்பான்.

இத்தகைய பிழை இரண்டு வகையில் நேரும். ஒன்று, வேகத்தில் நேர்வது. பென் டிரைவைத் துடைத்துப் புதிதாக்க எண்ணிய பிள்ளை, நேற்றுப் போல் இன்றும் அது ஈ என்றே கருதி ஆணையிடுகின்றான். அன்று ஈ என்னும் இருக்கையில் இருந்ததோ, இலண்டனிலிருந்து வந்த சித்தப்பா குடும்பப் படங்களைப் பதிந்து தருவதற்காக இணைத்து வைத்த வன்தட்டு. மற்றது, மௌனமாக நேர்வது. நாள்தோறும் எஃப் என்னும் இடத்தில் ஒரு படி வைக்குமாறு தந்தை ஒழுங்கு செய்துவிட்டு அமைதியாக இருக்கின்றார். தட்டு ஜி என்று வந்து அமர்கின்றது. எஃப் இல்லாமையால் படியெடுத்தல் நின்றுவிடுகிறது. மாதங்கள் கழித்துத் தேவை வரும்போதுதான் பெட்டி வெறுமை என்பது தெரிகின்றது. முன்னதில் உடனே அழுகிறோம். பின்னதில் அழுவதற்கே காலம் தாழ்கிறது.

அப்படியாயின் ஒரு பகுதியை ஐயமற அறிவதற்கு வழி என்ன? மனிதரை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பதை எண்ணுக. வீட்டில் ராசா என்று அழைக்கப்படும் பிள்ளைக்குப் பள்ளிப் பதிவில் வேறு பெயர். அதே பெயருடையோர் அதே வகுப்பில் மூவர் இருக்கலாம். முகவரியோ நிலையில்லாதது. 1983 க்குப் பின்னர் நம்மவருள் எத்தனை குடும்பங்கள் எத்தனை முறை முகவரி மாறின என்பதை வெள்ளவத்தையின் ஒவ்வொரு ஒழுங்கையும் கொட்டாஞ்சேனையின் ஒவ்வொரு மாடியும் அறியும். பெயர் பலர்க்கு ஒன்றாகலாம், முகவரி ஒருவர்க்குப் பலவாகலாம் என்பதனாலன்றோ 1972 முதல் இந்நாட்டில் தேசிய அடையாள அட்டை வழங்கி ஆளுக்கோர் எண் கொடுத்தனர்?

கணினிப் பகுதிகளுக்கும் இம்மூன்றும் உண்டு. எழுத்து அதன் முகவரி. நாம் சூட்டும் பெயர் இரண்டாவது; அதனைச் சிட்டை எனலாம். மூன்றாவது எண். ஒரு பகுதியைப் புதிதாக அமைக்கும்போதே அதற்கொரு தொடரெண் எழுதப்படுகிறது. விண்டோஸ் அதனை நான்கு நான்காக எட்டுக் குறிகளில் காட்டும். அஃதன்றி, விண்டோஸ் 2000 முதல், ஒவ்வொரு பகுதிக்கும் முப்பத்திரண்டு குறிகள் கொண்ட நெடிய எண்பெயர் ஒன்றை முறைமை தன்னுள்ளே ஆள்கின்றது. நாம் காணும் சி, டி என்பன அந்நெடும் பெயருக்கு வாய்த்த செல்லப் பெயர்களே. அச்செல்லப் பெயரை நீக்கினாலும் மாற்றினாலும் உள்ளிருக்கும் கோப்பு எதுவும் அழிவதில்லை. எழுத்துகள் இருபத்தாறே ஆதலால், அவை போதாதவிடத்து, ஒரு பகுதியை வேறொரு பகுதியின் வெற்றுக் கோப்புறைக்குள் வாசல் வைத்துத் திறக்கவும் இடமுண்டு.

எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. ஒரு தட்டை அப்படியே அச்சு மாறாமல் இன்னொரு தட்டுக்குப் படியெடுத்தால் எண்ணும் சேர்ந்தே படியாகிவிடும். இரட்டைப் பிள்ளைகள் ஒரே அட்டையோடு வந்து நிற்பது போன்றது அது. இரண்டையும் ஒரே கணினியில் பூட்டினால் விண்டோஸ் ஒன்றை ஏற்று மற்றதை வெளியே நிறுத்திவைத்தல் உண்டு. தட்டு பழுதாகிவிட்டது என்று அஞ்சி அதனை எறிந்துவிடுதல் கூடாது.

பிற முறைமைகள் இச்சிக்கலை வேறு வழிகளில் அணுகின. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969 இல் தொடங்கிய யுனிக்ஸில் இருக்கை எழுத்தே கிடையாது. அங்கு எல்லாம் ஒரே மரம். புதிய தட்டு அம்மரத்தின் ஒரு கிளையில் ஒட்டப்படும். அதன் வழிவந்த லினக்ஸ், தட்டுகளைக் கண்ட வரிசையில் ஏ, பி என்று கடையெழுத்து இட்டு உள்ளே குறித்துக்கொண்டது. கண்ட வரிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாயிராமையால் அங்கும் இதே குழப்பம் நேர்ந்தது. பின்னர் எண்ணைக் கொண்டே பகுதிகளை ஒட்டும் வழக்கம் நிலைபெற்றது. 1985 இல் வெளிவந்த அமிகா என்னும் கணினியோ தட்டைச் சிட்டைப் பெயராலேயே அறிந்தது. வேண்டிய தட்டு உள்ளே இல்லையாயின் இன்ன பெயருடைய தட்டைச் செருகுக என்று பெயர் சொல்லிக் கேட்கும். வெவ்வேறு வழியில் சென்றவரும் கண்ட முடிவு ஒன்றே: இருக்கையை நம்பாதே, ஆளை அறி.

ஆளை அறிய நாம் செய்யத்தக்க முதற் காரியம் நம் தட்டுகளுக்கு நாமே நல்ல பெயர் சூட்டுவது. தமிழிற் சூட்டலாமா என்று கேட்பீர்கள். அது தட்டை அமைத்த முறையைப் பொறுத்தது. ஃபாட்32 என்னும் பழைய முறையில் சிட்டைக்குப் பதினோர் இடங்களே உண்டு. தமிழெழுத்து அதில் நிற்பதில்லை. எக்ஸ்ஃபாட் முறையிலும் இடம் பதினொன்றே. ஆனால் தமிழ் செல்லும். என்.டி.எஃப்.எஸ். முறையில் முப்பத்திரண்டு இடங்கள் உண்டு, தமிழும் செல்லும். இங்கே ஒரு வேடிக்கை. வெள்ளவத்தை என்பது நமக்கு ஆறெழுத்து; கொட்டாஞ்சேனை என்பதும் ஆறெழுத்தே. கணினியோ மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியே எண்ணும். அதன் கணக்கில் கொலன்னாவை ஒன்பது, வெள்ளவத்தை பத்து, கொட்டாஞ்சேனை பன்னிரண்டு. ஆகவே எக்ஸ்ஃபாட் தட்டொன்றில் கொலன்னாவையும் வெள்ளவத்தையும் குடியேறும். கொட்டாஞ்சேனைக்கு ஓரிடம் போதாது. பெயரைச் சுருக்கியோ, என்.டி.எஃப்.எஸ். முறையில் தட்டை அமைத்தோ இடர் தீர்க்கலாம். ஆனால் முறையை மாற்ற விரும்புவோர் முதலில் உள்ளிருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்துதல் வேண்டும். புதிதாக அமைத்தல் என்பது உள்ளதைத் துடைத்தலே.

இவ்வளவும் எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் மக்களுக்கு இது வெறுங்கணினிப் பாடமன்று. 1981 ஆம் ஆண்டைத் தனியாள் கணினியின் பிறப்பாண்டு என்று மேலே கூறினோம். அதே ஆண்டு மே 31 ஆம் நாள் இரவுதான் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுட் சில வேறெங்கும் படி இல்லாதவை. படி ஒன்று இருந்திருப்பின் என்ற ஏக்கம் நம்மைவிட்டு இன்னும் அகலவில்லை. அவ்வேக்கத்தின் நல்விளைவுகளுள் ஒன்றாக, 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துக் காத்து வருகின்றது. அதில் ஒவ்வோர் ஆவணமும் ஒரு நூலக எண் பெறுகின்றது. ஒரே பெயரில் வெவ்வேறு காலத்து இதழ்கள் வரலாம், எண் மயங்குவதில்லை.

பெரிய நூலகத்துக்குப் பொருந்துவது சிறிய வீட்டுக்கும் பொருந்தும். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அம்மம்மாவின் ஒரே படம், மூத்த மாமாவின் கடிதங்கள் ஆகிய இவற்றை இன்று நம்மவர் படியெடுத்து வன்தட்டில் வைத்திருக்கின்றனர். மூலம் பலவிடங்களில் இல்லை; வீட்டோடு போயிற்று. தட்டில் உள்ள படியே மூலமாகிவிட்ட வீடுகள் பல. அத்தட்டை ஓர் எழுத்தின் தயவில் விட்டுவைத்தல் தகுமோ?

ஆதலின் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் கூறுவன இவை. ஒவ்வொரு தட்டுக்கும் பென் டிரைவுக்கும் வெவ்வேறு சிட்டைப் பெயர் சூட்டுங்கள்; அதே பெயரைக் காகிதத்தில் எழுதி அதன் முதுகிலும் ஒட்டுங்கள். ஒரு கொப்பியில் பெயர், கொள்ளளவு, தொடரெண், உள்ளே இருப்பது என்ன என்பவற்றைக் குறித்து வையுங்கள். நாள்தோறும் படியெடுக்கும் தட்டுக்கு எக்ஸ், இசட் போன்ற கடைசி எழுத்தொன்றைக் கையால் வழங்கினால் அவ்விருக்கையில் பிறர் வந்து அமர்வது அரிது. எனினும் மாதம் ஒருமுறை படி உண்மையில் சேர்ந்திருக்கிறதா எனத் திறந்து பாருங்கள். எதனையேனும் துடைக்குமுன் வேண்டாத தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, பெயரையும் கொள்ளளவையும் உள்ளிருப்பையும் சேர்த்து நோக்குங்கள். 32 கிகாபைற்று என்று நினைத்த இடத்தில் ஆயிரம் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அரியனவற்றை ஒரே தட்டின் இரண்டு பகுதிகளில் அன்று, இரண்டு வெவ்வேறு தட்டுகளில், இயலுமாயின் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

கொலன்னாவை மாணவருக்கு விடை இதுவே: சி என்பது ஊர்; ஆளன்று. ஏ, பி என்பன குடிபெயர்ந்தோர் விட்டுச்சென்ற வெற்று மனைகள். உம்முடைய பென் டிரைவ் நேற்று ஒரு மனையில் தங்கிற்று. இன்று வேறொரு மனையில் தங்குகின்றது. இனி அதனைப் பெயர் சொல்லி அழைப்பீராக. வீட்டில் உள்ள மற்றத் தட்டுகளுக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையே பெயர் சூட்டிவிடுவீராயின் உம் குடும்பத்தார் ஒருநாள் உம்மை வாழ்த்துவர்.